பின்புறத்தில் பெயரில்லாத படங்கள்: மட்டக்களப்பு வாவிக்கரையின் அன்றாட வாழ்வும் அதன் சாட்சியங்களும்

1939 முதல் 1941 வரையான காலப்பகுதியில் நியூயோர்க் மாநகர வரித் திணைக்களம் பெரியதொரு வேலையைச் செய்து முடித்தது. நகரின் ஐந்து பிரிவுகளிலும் இருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றையும் தெருவில் நின்று படம் பிடித்தது. சொத்துவரியை ஒழுங்காக மதிப்பிடுவது ஒன்றே நோக்கம். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் காணி இலக்கம் பொறித்த ஒரு பலகை வைக்கப்பட்டது. அதன் பின்னரே கமரா இயங்கியது. இவ்வாறு சேர்ந்த படங்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. மாநகர ஆவணக்காப்பகம் 2018இல் அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

வரிக்காக எடுத்த அப்படங்களில் வரிக்குத் தேவையில்லாத எல்லாமும் அகப்பட்டுக்கொண்டன. கடைகளின் பெயர்ப்பலகைகள், காயப்போட்ட துணிகள், தெருவில் விளையாடும் சிறுவர்கள் என்று ஒரு மாநகரத்தின் அன்றாட வாழ்வு முழுவதும் அதில் உண்டு. இன்று அந்நகரத்தவர் ஒருவர் தம் பாட்டனாரின் விலாசத்தைக் கொடுத்தால், அவர் குடியிருந்த வீட்டின் வாசற்படியையே பார்த்துவிடலாம்.

மட்டக்களப்பைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர், தம் பாட்டனார் 1940இல் வாழ்ந்த வீட்டையோ, அவர் தோணி கட்டிய துறையையோ காண விரும்பினால் எங்கே செல்வது? இக்கேள்வியை உலகின் பல திசைகளிலும் வாழும் நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்கின்றனர். படங்களே இல்லை என்பது இதற்கு விடையாகாது. படங்கள் உள்ளன. ஆனால் அவற்றுட் பெரும்பகுதி மற்றவர்கள் தங்கள் தேவைக்காக எடுத்தவை. நாமே எடுத்துக்கொண்டவற்றிலோ இருப்பவர் யார் என்ற குறிப்பு இல்லை. அந்தக் குறிப்பு முதியவர்களின் நினைவில் மாத்திரமே இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எழுத்து முந்தியது, கமரா பிந்தியது

மட்டக்களப்பை ஆண்டவர்கள் அதனைப் பார்த்தார்கள், எழுதினார்கள். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக்காலத்தில் மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாக இருந்த யேக்கப் பேர்ணாண்ட், 1794இல் தமக்குப் பின்வரும் அதிகாரிக்காக ஒரு நீண்ட குறிப்புரையை விட்டுச்சென்றார். நெற்செய்கை, நிர்வாகம், மக்கள் பிரிவுகள் ஆகியவற்றைப் பேசும் அவ்வுரை, ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் மூலங்களுள் ஒன்றாகும். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ற், வாவியில் படகேறிச் சென்று 'பாடும் மீன்களின்' ஒலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது பெருநூலில் அதனை விரிவாக எழுதினார். 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய விவரண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

கமரா இவ்வளவு எளிதாக வந்து சேரவில்லை. இலங்கையில் கமரா பெரும்பாலும் புகையிரதத்தின் பின்னாலும் தேயிலைத் தோட்டத்தின் பின்னாலும் சென்றது. கொழும்பு, கண்டி, நுவரெலியா, அநுராதபுரம் ஆகியவை பயணிகளின் வழியில் இருந்தன. 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் போன்றவை அவ்வழியிற் கண்டவற்றையே தபால் அட்டைகளாக்கி உலகெங்கும் விற்றன. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1920களின் பிற்பகுதியிலேதான். அதுவரை கடல்வழியாகவோ காட்டுவழியாகவோ வரவேண்டிய ஒரு பட்டினத்துக்குப் படப்பெட்டியைச் சுமந்துவர அதிகம் பேர் முன்வரவில்லை.

அக்காலத் தபால் அட்டைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். 'தமிழ்ப் பெண்', 'சோனகர்', 'மீனவர்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் இருந்தது என்பது அச்சிட்டவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

மட்டக்களப்புக் கடலில் எடுக்கப்பட்ட படங்களுள் உலகறிந்தது எதுவெனக் கேட்டால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கும் காட்சியைச் சொல்ல வேண்டும். யப்பானிய விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படம் அது. அன்று 307 பேர் உயிரிழந்தனர். அந்தப் படம் உலகப்போர் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. அதே நாளில் கரையில் வலை காயவைத்தவர்களையும், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு வெடியோசை கேட்டுநின்ற தாய்மாரையும் வானத்தில் பறந்த கமரா காணவில்லை.

பாலமும் பாதையும்

வாவி மட்டக்களப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கதிரவன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அவன் படும் வயற்புறம் படுவான்கரை. இரு கரைகளையும் இணைத்தவை துறைகளும் ஓடங்களும். மட்டக்களப்பில் 'பாதை' என்ற சொல் தரைவழியை மாத்திரம் குறிப்பதன்று. வாவியின் குறுக்கே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் 'பாதை' என்றே பெயர். வெளியூரிலிருந்து வந்தவர் 'பாதை வரவில்லை' என்று கேட்டு விழிப்பது அங்கு வழக்கமான வேடிக்கை.

1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் சேர் வில்லியம் மனிங்கின் துணைவியாரின் பெயரால் அது 'லேடி மனிங் பாலம்' எனப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே செல்லக்கூடிய அந்த ஒடுங்கிய பாலத்தில், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஊர் காத்துநின்று கடந்தது. 2013இல் யப்பானிய உதவியுடன் புதிய பாலம் அதன் அருகில் எழுந்தது. 2014இல் மண்முனையிலும் பாலம் வந்தபோது அங்கே ஓடிய 'பாதை' ஓய்ந்தது.

பாலத்துக்குச் சீமாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன் பல தலைமுறைகளாக மக்களை ஏற்றி இறக்கிய ஓடக்காரர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. ஆனால் அம்பிளாந்துறை போன்ற ஊர்ப்பெயர்கள் துறையைத் தம்முள் வைத்துக்கொண்டிருக்கின்றன. படம் இல்லாத இடத்தில் பெயரே படமாகிறது.

பொருள்களின் சாட்சியம்

படங்கள் குறைந்த சமூகத்தில் வீட்டுப் பொருள்கள்தாம் ஆவணங்கள். மட்டக்களப்பு வீடொன்றில் ஒருகாலத்தில் இருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். விருந்தினர் முன் வைக்கும் பித்தளை வெற்றிலை வட்டா, பன் கொண்டு இழைத்த பாய், எருமைத் தயிர்ச் சட்டி, நெல் அளக்கும் மரைக்கால், வாவியில் மீன் பிடிக்கும் கரப்பும் அத்தாங்கும். இவற்றுட் பலவற்றை இன்றைய பிள்ளைகள் கண்டதில்லை. கண்டாலும் பெயர் தெரியாது.

கரப்பு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் திறந்த கூடை போன்றது அது. ஆழமற்ற நீரில் மீன்மேல் கவிழ்த்து, மேல்வாயினூடாகக் கைவிட்டு மீனை எடுப்பார்கள். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரசர் வேடத்துக்கு அணியும் விரிந்த உடைக்குக் 'கரப்புடுப்பு' என்று பெயர். வாவியில் மீன் பிடிக்கும் கருவியும் களரியில் மன்னன் அணியும் உடுப்பும் ஒரே சொல்லால் இணைந்திருக்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகிய கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, நகரத்தார் அக்கலையை வியந்து பார்த்தனர். பேராசிரியர் சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் நூலாகியது. கூத்து இவ்வாறு எழுத்தில் ஏறியது. கரப்பை முடைந்தவரின் கைத்திறனுக்கு அவ்வாறான ஒரு நூல் கிடைக்கவில்லை.

சொற்களும் அவ்வாறே. மட்டக்களப்பில் 'வேளாண்மை' என்றால் தொழிலை மட்டும் குறிப்பதன்று, வயலில் நிற்கும் நெற்பயிரே வேளாண்மைதான். சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல்லென்று சொல்லார், 'பொலி' என்பர். களத்தில் வழங்கும் அந்தத் தனிமொழி, மாடுகள் சூடு மிதித்த காலத்துக்குரியது. உழவு இயந்திரம் வந்தபின் மாடு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின் களமே போயிற்று. களம் போனபின் அம்மொழியைப் பேச இடமேது? வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' 1962இல் வந்தது. இவர்கள் பதிவு செய்யாதிருந்தால் இன்று நாம் இழந்திருக்கக்கூடியவை ஏராளம்.

வெளியிலிருந்து வந்த கண்கள்

சார்ள்ஸ் செலிக்மனும் அவர் துணைவியார் பிரெண்டாவும் 1911இல் வெளியிட்ட 'வேடர்' பற்றிய நூலில், கிழக்குக் கரையோரத்து வேடர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அறுபது ஆண்டுகளின் பின்னர், 1969இல், அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுக்கு வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அவ்வூரில் தங்கி, தாய்வழிக் குடிமுறையையும் கோயில் உரிமைகளையும் ஆராய்ந்தார். அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அக்கரைப்பற்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த ஊர் என்பதை இளைய வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். அவரது படநூலொன்று 1998இலும், விரிவான ஆய்வுநூல் 2008இலும் வெளிவந்தன. 1978ஆம் ஆண்டின் சூறாவளிக்கும் பின்வந்த போருக்கும் முந்திய கிழக்கைப் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றோடு பதிந்த வேலை அது. மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கோயிலைப் பற்றி எழுதிய நூல் 1999இல் வந்தது.

மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் சமூகத்தை இங்கே மறந்துவிடலாகாது. தச்சுவேலையிலும் இரும்புவேலையிலும் பேர்பெற்ற அம்மக்கள், நானூறு ஆண்டுகளாக வீட்டினுள் ஒரு போர்த்துக்கேய மொழியைப் பேணி வந்திருக்கின்றனர். லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவின் குழுவினர் அண்மைய ஆண்டுகளில் அம்மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி, ஒளிப் பதிவுகளாக்கி, அருகிவரும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகம் ஒன்றில் சேர்த்திருக்கின்றனர்.

அமெரிக்க யேசுசபைக் குருமார் பலரும் மட்டக்களப்பில் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். வாவி மீன்களின் இசையை 1950களில் ஒலிப்பதிவு செய்தவர் அவர்களுள் ஒருவரான லாங் அடிகளார். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கை வந்த இயூஜின் ஹீபேர்ட் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன்வந்தவரோடு காணாமற்போனார். இன்றுவரை அவர்களைப் பற்றி ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

இவர்கள் செய்த பணிக்கு நாம் நன்றியுடையவர்களாதல் வேண்டும். ஆயினும் ஆய்வாளரின் கமரா தன் ஆய்வுக்கு வேண்டியதையே தேடும். குடிமுறையை ஆராய்பவர் சடங்கைப் படம் எடுப்பார். மொழியை ஆராய்பவர் பேச்சைப் பதிவு செய்வார். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையன்று அடுப்படியில் இருந்தவற்றை யார் எடுப்பார்? அது வீட்டாரின் வேலை.

நம் வீட்டுப் படங்களுக்கு நேர்ந்தது

நம்மவரும் படம் எடுத்துக்கொண்டனர். திருமணப் படம், பள்ளிக்கூடக் குழுப்படம், திரைச்சீலை தொங்கவிட்ட ஸ்ரூடியோவில் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கும் குழந்தையின் படம் என்பன எல்லா ஊர்களிலும் உள்ளவையே. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டபோது, கமராவைக் கண்டிராத கிராமத்துப் பெரியவர்களும் அதன் முன்னே அமர நேர்ந்தது. படுவான்கரையில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய் மகளுக்கு வீட்டைக் கொடுப்பது வழக்கம். சுவரில் தொங்கிய படங்களும் அவ்வழியே தாயிடமிருந்து மகளுக்குப் போயின. வீடு அழிந்தபோது அவையும் அழிந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 1990இல் ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து நாவலடி, கல்லடி போன்ற ஊர்களை வாரிச்சென்றது. உடுத்த துணியோடு ஓடியவர்கள் அல்பத்தை எடுத்துக்கொண்டா ஓடுவார்கள்?

அந்த 1990ஆம் ஆண்டை எவ்வாறு எழுதுவது! ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் மீளவில்லை. நான்கு நாள்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் குழந்தைகளும் முதியவர்களுமாக 184 பேர் உயிரிழந்தனர். அடையாள அட்டைக்கு எடுத்த தபால்தலையளவு படத்தைப் பெருப்பித்துக் கையிலேந்தி, ஆணைக்குழுக்களின் முன்னும் வீதியோரத்திலும் தாய்மார் நிற்பதைப் பத்திரிகைக்காரர்கள் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தச் சிறிய படமும் இல்லாத தாய்மாரும் இருந்தனர். மகன் இருந்தான் என்பதற்கு அவர்கள் எதைக் காட்டுவது? குடும்பப் படம் என்பது அழகுப்பொருள் என்று எண்ணுவோர் இதை ஒருகணம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

செய்யக்கூடியவை

2011இல் யப்பானில் ஆழிப்பேரலை அடித்தபின், சேற்றில் கிடந்த குடும்பப் படங்களை இலட்சக்கணக்கில் திரட்டித் தொண்டர்கள் சுத்தம் செய்தனர். மண்டபங்களில் கொடிகட்டித் தொங்கவிட்டனர். உரியவர்கள் வந்து தேடி எடுத்துச்சென்றனர். வீடிழந்த மக்களுக்குப் படமும் நிவாரணந்தான் என்று அவர்கள் கருதினர். ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் அவ்வாறு கருத நமக்கு நேரமும் இருக்கவில்லை, வசதியும் இருக்கவில்லை.

ஆயினும் நம்மிடையே முயற்சிகள் இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மாத்திரமன்றிப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவருகிறது. காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை, அப்பகுதி முஸ்லிம்களின் அன்றாட வாழ்வைப் பொருள்களாலும் உருவங்களாலும் காட்டுகிறது. ஒரு சிற்றூர் தன் வீட்டுப் பொருள்களுக்குத் தானே ஒரு கூரை அமைத்துக்கொண்டமை பாராட்டுக்குரியது.

ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியதை இங்கு சொல்லி வைக்கிறேன். பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பழைய படங்களை எடுத்து மூத்தவர்களின் முன்னே வையுங்கள். இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்ற நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக, படத்தில் தெரியும் பொருளுக்கு அவர்கள் வழங்கும் பெயரைக் கேளுங்கள். 'கூடை' என்று எழுதாதீர்கள். அவர்கள் கரப்பு என்றால் கரப்பு என்றே எழுதுங்கள். மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறத்தில், ஓரத்தில், அழுத்தாமல் எழுதவேண்டும். குமிழ்முனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தழும்பாகும். மை ஊறிவிடும்.

ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரையும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கைத்தொலைபேசியில் எடுப்பதாயின் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, வெயிலொளி நேரே படாத இடத்தில் வைத்து எடுங்கள். ஆனால் பல ஆண்டுகளாகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க முயலாதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். பசைத்தாள் அல்பங்களிலும் மலிவான பிளாஸ்ரிக் உறைகளிலும் இருப்பவற்றைக் கடதாசி உறைகளுக்கு மாற்றுங்கள். வெள்ளத்தில் நனைந்தவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பிரிக்கவேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து மெதுவாகப் பிரித்து, நிழலில் காயவையுங்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள அன்பர்களிடம் ஒரு சிறப்பு வேண்டுகோள். 1980களிலும் 1990களிலும் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, கடவுச்சீட்டோடு இரண்டொரு குடும்பப் படங்களையும் எடுத்துச்சென்றவர்கள் நீங்கள். ஊரில் அழிந்துபோன வீட்டின் ஒரே படம் ரொறன்ரோவிலோ பாரிசிலோ ஒரு லாச்சியினுள் இருக்கக்கூடும். அதன் பிரதியொன்றை ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புங்கள். படத்தில் உள்ளவரைத் தெரிந்த ஒருவர் அங்கே இன்னமும் இருக்கலாம்.

நியூயோர்க்கின் வரித் திணைக்களம் ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஓர் இலக்கப் பலகையை வைத்தது. அந்த இலக்கம் இருந்தபடியாலேதான் எண்பது ஆண்டுகளின் பின்னும் அப்படங்கள் உரியவர்களிடம் சேர்கின்றன. நம் படங்களுக்கு அத்தகைய பலகையை எந்தத் திணைக்களமும் வைக்கவில்லை. சூறாவளிக்கு முந்திய மட்டக்களப்பைக் கண்ணால் கண்டவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போதோ, தொலைபேசியில் பேசும்போதோ, அவர்களிடம் படங்களைக் காட்டிப் பெயர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.